கீறல் விழாத கப்பல்

அந்தச் சின்னத் தீவின் கடற்படை ஆசையாசையாய் ஒரு ரோந்துக் கப்பல் வாங்கித் துறைமுகத்தில் கட்டிவைத்தது.

"எப்போது கிளம்புவோம்?" என்று தண்ணீருக்கடியிலிருந்து கேட்டது கப்பலை உந்தும் விசிறி.

"பொறு. வெளியே போனால் கீறல் விழுந்துவிடுமாம்," என்றது கப்பலைக் கரையோடு கட்டியிருந்த கயிறு.

வெளியே அந்நியப் படகுகள் மீனை வாரிக்கொண்டு போயின. தீவின் மீனவர்கள் வெறும் வலையோடு திரும்பினார்கள். விசிறியின் மேல் சிப்பிகள் குடியேறின. அலைக்கு அலை இழுபட்டுக் கயிறு நைந்துபோனது.

ஒருநாள் அதிகாரி வந்து கயிற்றைத் தடவிப் பார்த்தார். "பாவம், எவ்வளவு உழைத்திருக்கிறது இந்தக் கப்பல்! ஒன்று போதாது, இன்னொன்றும் வாங்கிவிடலாம்" என்றார்.

"அதுவாவது கடலுக்குப் போகுமா?" என்று கேட்டது விசிறி.

"தெரியவில்லை," என்றது கயிறு. "அதைக் கட்டிவைக்கும் கயிறு மட்டும் இப்போதே வந்துவிட்டது."