மேடையின் உயரம்

பழைய சமையல் மேடையை இடித்து அள்ளியாகிவிட்டது. சுவரில் மேஸ்திரி இழுத்த பென்சில் கோட்டின்மேல் ஜன்னல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. சிமெண்டுத் தூசி அதில் மெல்ல இறங்குகிறது. அவள் போய் நின்று, காய் நறுக்குவதுபோல் கையை மடக்கிப் பார்க்கிறாள். கோடு முழங்கைக்கும் மேலே இருக்கிறது. "என்ன மேஸ்திரி, நான் முக்காலி போட்டு ஏறியா சமைக்கணும்?" "சமைக்கிறவங்க முழங்கைக்கு ஒரு பிடி கீழதான்க்கா எப்பவும் வைப்பேன். சார் தன் கையக் காட்டி அளவெடுக்கச் சொன்னாரு." வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நிற்கிறார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர். "நீங்க சமைக்கப் போறீங்களாக்கும்?" "சும்மா... கத்துக்கலாமேன்னுதான்." போன வாரம் ஆஸ்பத்திரியில் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, அவளுடைய ஸ்கேனைப் பற்றி டாக்டரிடம் வெகுநேரம் தனியாகப் பேசியவர் இவர். "ஒண்ணுமில்லையாம்" என்று சிரித்துக்கொண்டே வந்தார். இப்போதும் அதே சிரிப்புதான். "அழிச்சிட்டு அக்கா உயரத்துக்கே போட்டுடவா சார்?" என்கிறார் மேஸ்திரி. வெளியே யாரோ மணல் சலிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 'ஆமா, அவ உயரத்துக்கே வைங்க' என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?