சேற்றில் சென்ட் வாசனை

"இந்த ஆத்துல எவனோ சென்ட்டை ஊத்தறான் செல்வம். நாளைக்கு அவன் பேரைச் சொல்லாம விடமாட்டேன்" என்றாள் பூர்ணிமா, படகில் ஏறி உட்கார்ந்ததும் உட்காராததுமாக.

செல்வகுமாரின் கையிலிருந்த துடுப்பு நழுவிப் பலகையில் விழுந்தது.

பூர்ணிமா வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். அப்பா பெயர் அம்மாவாசை. அமாவாசைக்குப் பிறந்த பௌர்ணமி என்று தெருவே அவளைக் கேலி பேசும். அந்தத் தெருவிலிருந்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போன முதல் ஆள் அவள்தான். வாரம் ஒரு நாள் அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வந்து, சேறும் மட்டிச் சிப்பியும் எடுத்துப்போய் லேபில் சோதிப்பாள். படகு ஓட்டுவது, சேறு அள்ளுவது, அதைப் பாட்டிலில் போட்டு மூடுவது எல்லாம் வீராம்பட்டினத்துச் செல்வகுமார். சுனாமிக்குப் பிறகு வாங்கிய ஃபைபர் படகு அவனுடையது.

"ஆத்துல சென்ட்டா? இன்னா மேடம் சொல்றீங்க?"

"சென்ட்டுலயும் வாசனை சோப்புலயும் போடற செயற்கைக் கஸ்தூரி. போன வருசம் வரைக்கும் நம்ம சேத்துல கொஞ்சூண்டுதான் இருந்துச்சு. பொங்கலுக்கு அப்புறம் அள்ளின பாட்டில்ல எல்லாம் எக்கச்சக்கமா இருக்கு."

"வாசனைதானே மேடம்? மட்டி கொஞ்சம் மணமா இருந்துட்டுப் போவட்டுமே."

"விளையாடாதீங்க. மட்டி தண்ணிய வடிகட்டித் தின்னு வாழற ஜீவன். உள்ள வர்ற விஷத்தை அதுவே வெளிய தள்ளிடும். இந்தக் கஸ்தூரி உள்ள போச்சுன்னா அந்தத் தள்ளற சக்தி கொறைஞ்சிடும். அப்புறம் கண்ட விஷமும் அது உடம்புலயே தங்கிடும். சேத்துல படிஞ்சா லேசுல போகவும் போகாது."

செல்வகுமாரின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது.

"யாரு ஊத்தறாங்கன்னு நெனைக்கறீங்க?"

"வேற யாரு? கரையோரம் புதுசா வந்திருக்கே பெரிய ஹோட்டல், அவங்கதான். துணி துவைச்ச தண்ணிய ஆத்துல விடறாங்க போல. நாளைக்குக் காலைல என் ஆராய்ச்சிக் கமிட்டி கூடுது. அத்தனை புரொபசருங்க முன்னாடி ஹோட்டல் பேரைச் சொல்லப் போறேன்."

"தப்பா இருந்துச்சுன்னா?"

"அவ்ளோதான். இத்தனை வருச உழைப்பும் வீண். பொய் சொல்றவள்னு பேர் வரும். படிப்பை விட்டுட்டு அப்பாகூட உக்காந்து வலை பின்ன வேண்டியதுதான்."

செல்வகுமார் இன்ஜினைக் கிளப்பவே இல்லை. ஆடி மாதத்து அலையிலேயே தைரியமாகப் படகு விடுகிறவன், இப்போது அசையாத ஆற்றில் உட்கார்ந்து வியர்த்து வழிந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

"மேடம், ஹோட்டல் பேரைச் சொல்லாதீங்க."

"ஏன்? உங்க சொந்தக்காரங்க யாராவது அங்க வேலை செய்றாங்களா?"

"அதில்ல."

"பின்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பொங்கலுக்கு நேரு வீதிக் கடையில ஒரு சென்ட்டு வாங்கினேன் மேடம். பாரிஸ் சரக்குன்னு சொல்லி வித்தான். நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் சட்டையில, கையில எல்லாம் பூசிக்கிட்டு வருவேன். அந்தக் கையாலதான் சேத்தை அள்ளி பாட்டிலை மூடினேன்."

"அது எதுக்கு?"

"படிச்சவங்க நீங்க. உங்க பக்கத்துல மீன் கவுச்சியோட உக்கார ஒரு மாதிரியா இருந்துச்சு. நீங்க ஒரு தடவ மூக்கைச் சுளிச்சிட்டாக்கூட என்னால தாங்க முடியாது. கமிட்டில எம் பேரைச் சொல்லிடுங்க மேடம். வேற படகும் பாத்துக்குங்க. உங்க படிப்பு மட்டும் என்னால கெடக் கூடாது."

பூர்ணிமாவுக்கு அவன்மேல் பொங்கி வந்தது அன்புதான். ஆனாலும் சிரித்துவிட்டாள்.

"நானும் மீன் விக்கற வீட்டுப் பொண்ணுதான். கவுச்சி எனக்குப் புதுசா? உங்க சென்ட்டுலதான் எனக்குத் தலைவலியே."

"அப்படின்னா..."

"எனக்கும் மூக்கு இருக்குங்க. லேபுலேர்ந்து சுத்தமான தண்ணி ஒரு பாட்டில் கொண்டாந்து, தொறந்து மூடிக் குடுங்கன்னு உங்ககிட்ட குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? ஆத்தையே பாக்காத அந்தத் தண்ணியிலயும் கஸ்தூரி. உங்க கையிலேர்ந்துதான் வருதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்போ ஹோட்டலு? நாளைக்குக் கமிட்டி?"

"கமிட்டி போன வாரமே நல்லபடியா முடிஞ்சுது. ஹோட்டல் பாவம், அது ஒண்ணும் பண்ணல. உங்க வாயிலேர்ந்து உண்மைய வரவழைக்கத்தான் அந்தக் கதை. ரெண்டு மாசமா எங்கப்பா அவரு கட்டுமரத்துல போயி அள்ளிட்டு வர்ற சேத்தைத்தான் லேபுல குடுக்கறேன்."

செல்வகுமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"உங்கப்பா அள்ளற சேறே போதும்னா, ரெண்டு மாசமா என் படகுல எதுக்கு மேடம் வந்தீங்க?"

"எங்கப்பாவும் அதையேதான் கேக்கறாரு" என்றாள் பூர்ணிமா, முகம் சிவக்க. "ஞாயித்துக்கெழமை வைத்திக்குப்பம் வந்து நீங்களே அவருக்குப் பதில் சொல்லிடுங்க."