ஓட்டுப் போட்டு வாங்கிய லீவு

“இனிமே இந்த யூனிட்ல நானா எதையும் முடிவு பண்ண மாட்டேன். நீங்கதான் பண்ணப் போறீங்க” என்று அறிவித்தார் மேனேஜர் மதியழகன்.

தையல் மெஷின்களை நிறுத்திவிட்டு நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மாதம்வரை பாத்ரூம் போவதற்குக்கூட அவர் தலையசைக்க வேண்டும். நடுவில் கோயம்புத்தூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தார். அதிலிருந்து மனிதர் வாயில் கூட்டு முடிவு, பங்கேற்பு என்று புதுப்புது வார்த்தைகளாக வருகின்றன.

திண்டுக்கல் பைபாஸ் பக்கம், பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட் அது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சரக்கு போயாக வேண்டும் என்பதால், அந்த வாரம் ஒரே ஒரு நாள்தான் லீவு என்று முதலாளி சொல்லிவிட்டார். காலர் வைக்க ஒருத்தி, கை வைக்க ஒருத்தி, பட்டன் வைக்க ஒருத்தி என்று வரிசையாக ஓடும் வேலை. நாலு பேர் வராவிட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் ஆளுக்கொரு நாள் லீவு என்ற பேச்சே கிடையாது. பூட்டினால் மொத்தமாகப் பூட்ட வேண்டும்.

ஆனால் அந்த வாரம் ஊரில் இரண்டு திருவிழா. செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்குப் பொங்கல், சனிக்கிழமை மாதா கோயில் திருவிழா. வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒரே ஊர், மேனேஜரும் அதே ஊர். அம்மன் கோயிலுக்குப் போகும் பெண்கள் முப்பது பேர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் ஒன்பது பேர்.

எந்த நாள் லீவு என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றார் மதியழகன்.

கை வைக்கும் ஜெஸ்ஸி மாதா கோயில்காரி. சனிக்கிழமை அவள் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுனை அவளே தைத்து வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு மகள் பீடத்தை நோக்கி நடக்கும்போது, பெற்றவள் இங்கே யார் வீட்டுப் பிள்ளை சட்டைக்கோ கை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இஸ்திரி மேசையில் நின்ற இன்னாசியம்மாளும் மாதா கோயில்காரிதான். வயதில் மூத்தவள். மேனேஜரிடம் வாய் கொடுக்கும் தைரியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

“முப்பதுக்கு ஒம்போதுன்னு தெரிஞ்சப்புறம் ஓட்டு எதுக்கு சார்? நேரா நோட்டீஸ ஒட்டிர வேண்டியதுதான?”

“அதுதான் அக்கா ஜனநாயகம்” என்று சிரித்த மதியழகன், எல்லோர் பக்கமும் திரும்பினார். “ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். அவங்கவங்க வீட்டு விசேசத்த மட்டும் நெனைக்காதீங்க. பக்கத்துல நிக்கிறவங்களையும் யோசிச்சுப் போடுங்க.”

செவ்வாய்க்கிழமை அவர் மகனுக்குக் காதுகுத்து. கெடா வாங்கிக் கட்டி, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஊருக்கே தெரிந்த இந்த விஷயத்தை அவர் மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை.

கட்டிங் மேசையில் மிஞ்சிய துண்டுத் துணிதான் ஓட்டுச் சீட்டு. செவ்வாய்க்கு நீலம், சனிக்கு வெள்ளை. யார் எதைப் போட்டார்கள் என்று தெரியாமலிருக்க, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார்கள். தானும் இங்கே ஒரு தொழிலாளிதான் என்று சொல்லி, முதல் ஓட்டை மதியழகனே போட்டுவிட்டு வந்தார்.

பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். உள்ளே போன ஜெஸ்ஸி கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

பெட்டியை மேசையில் கொட்டியதும் மதியழகனின் முகம் மாறியது. மேசை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. எண்ணிப் பார்த்தார். வெள்ளை முப்பது, நீலம் பத்து. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார்.

“கலர மாத்திப் புரிஞ்சுக்கிட்டீங்களா? நீலந்தான் செவ்வாக்கெழம. வேணும்னா இன்னொருக்காப் போடுவோம்.”

காலர் வைக்கும் ஜக்கம்மாள் முன்னால் வந்தாள்.

“நல்லாப் புரிஞ்சுதான் போட்டோம் சார். வேல முடிஞ்சு போயிக்கூட ஆத்தாவுக்கு மாவிளக்கு எடுத்துக்கலாம். அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. ஜெஸ்ஸி மகளுக்குப் புதுநன்மை ஒரு தடவதான?”

அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

ஜெஸ்ஸி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“நான் நீலம் போட்டுட்டேன்க்கா. அம்புட்டுப் பேரும் காப்புக் கட்டி வெரதம் இருக்கீங்க. எம் பொழப்புக்காக உங்க திருவிழாவக் கெடுக்கணுமான்னு தோணுச்சு.”

மாதா கோயிலுக்குப் போகும் மற்ற எட்டுப் பேரும் தாங்களும் நீலமே போட்டதாகச் சொன்னார்கள். சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காதுகுத்தை நினைத்து வாடிப்போயிருந்தாலும், மதியழகன் சமாளித்துக்கொண்டார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, நெஞ்சை நிமிர்த்தினார்.

“பாத்தீங்களா, இதுதான் கூட்டு முடிவோட பலம். பக்கத்துல இருக்கவங்கள யோசிங்கன்னு நான் சொன்னத எல்லாரும் கேட்டிருக்கீங்க. ரொம்பப் பெருமையா இருக்கு.”

எல்லோரும் கைதட்டினார்கள். இன்னாசியம்மாள் மட்டும் மேசையருகே வந்து, நீலத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் பார்த்தாள்.

“வெள்ள முப்பதும் அவங்க போட்டது, சரி. நீலத்துல ஒம்போது எங்களோடது. நீங்க சொன்னதக் கேக்காம தன் வீட்டு விசேசத்த மட்டும் நெனச்சுப் போட்ட அந்தப் பத்தாவது ஆளு யாரு சார்?”