களமசேரி கிளை

“ஹெட் ஆபீஸ்லேர்ந்து வரேன்” என்று அனந்தலக்ஷ்மி சொன்னதும் இசக்கிமுத்து ஸ்டவ்வை அணைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு இது பழகிப்போயிருந்தது. மட்டாஞ்சேரி ‘விசிறி மார்க் டீ’ கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்ததிலிருந்து, அவள் போகிற கிளைகளில் எல்லாம் யாராவது எதையாவது ஒளித்துக்கொண்டிருந்தார்கள். ஆலுவாக்காரர் ஒரு சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்தபடியே அவளோடு பேசி, அவள் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

முதலாளி நூர் முகம்மது எழுபத்தெட்டாம் வருஷத்திலிருந்து ஊர் ஊராக ஏஜென்சி கொடுத்திருந்தார். கடை அவரவருடையது. பெயரும் பச்சை போர்டும் கம்பெனியுடையவை. தூளை மட்டும் மட்டாஞ்சேரியிலிருந்து எடுக்க வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள், தூளை மலிவாகக் கிடைத்த இடத்தில் எடுத்தார்கள்.

எந்தெந்த ஊரில் கடை இருக்கிறது என்று தெரிந்திருந்த பழைய சூப்பர்வைசர் பட்டியல் எதுவும் எழுதிவைக்காமல் கல்ஃபுக்குப் போய்விட்டார். அதனால் அனந்தலக்ஷ்மி பஸ்ஸில் போகும்போது பச்சை போர்டு கண்ணில் பட்டால் உடனே இறங்கிவிடுவாள். களமசேரியில், ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே, அன்று அப்படித்தான் இறங்கினாள்.

“ஒரு சாயா குடிக்கீகளாம்மா?” என்றார் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு இன்னும் மாறவில்லை.

குடித்தாள். ஆபீஸில் முதலாளிக்குப் போடுகிற சாயாவைவிட நன்றாக இருந்தது. கிளாஸ்களை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்திருந்தார். பெஞ்சு துடைத்திருந்தது. கம்பெனி சொன்ன எல்லாமும் இருந்தன, சொல்லாத ஒரு கைகழுவும் தொட்டியும் இருந்தது.

“தூள் எங்கேந்து எடுக்கறேள்?”

“மட்டாஞ்சேரிதாம்மா. வேற எங்க?”

அலமாரியைத் திறந்து காட்டினார். மற்ற கிளைகளுக்குப் பலகைப் பெட்டியில் போகிற தூள், இங்கே, மட்டாஞ்சேரி கௌண்டரில் சில்லறைக்கு விற்கிற கால் கிலோ பாக்கெட்டாகவே அடுக்கியிருந்தது. வாசனை போகாமலிருக்க மனுஷன் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று அவளுக்கு மெச்சத் தோன்றியது.

“ஆபீஸ் மேலே ஏதாவது கம்ப்ளெய்ன்ட் உண்டோ? எல்லாரும் கமிஷன் போறாதுன்னு சொல்றா.”

“நான் கமிஷன எதிர்பாக்கலம்மா” என்றார் இசக்கிமுத்து.

அனந்தலக்ஷ்மிக்கு அழுகை வரும்போலிருந்தது. போன வாரம்தான் முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “நம்ம பேர வெச்சு ஒழுங்கா சாயா போடற ஒருத்தன, ஒரே ஒருத்தன காட்டு மோளே. இல்லேன்னா போர்டு முழுக்க இறக்கிடலாம். எனக்கு மதியாச்சு, போதும்.” போர்டு இறங்கினால் சூப்பர்வைசர் எதற்கு? வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

“ஞாயித்துக்கெழம எல்லா ஏஜென்டையும் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கார். நீங்க வந்து எல்லாருக்கும் முன்னாலே சாயா போட்டுக் காட்டணும்.”

“நான் வரலம்மா.”

“ஏன்?”

“கடைய யாரு பாப்பா? அதுபோக, பெரியவுக கூடுற எடத்துல எனக்கு என்ன வேல?”

அவள் உள்ளதைச் சொன்னாள். முதலாளி சொன்னதை, தன் வேலையை, எல்லாவற்றையும்.

இசக்கிமுத்து வெளியே போய் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தார். “எல்லாத்தையும் எடுத்துருவாகளா?”

“எல்லாத்தையும்தான்.”

“இதையுமா?”

“இது மட்டும் எப்படி நிக்கும்?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு “வாரேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி ஆபீஸ் மாடி நிறைந்திருந்தது. பக்கத்துக் கிடங்கிலிருந்து மிளகு நெடி வந்துகொண்டிருந்தது. இசக்கிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, மாடிப்படிக்கு மிக அருகில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போட்ட சாயாவை நூர் முகம்மது ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். “இதாக்கும் சாயா” என்றார்.

ஆலுவாக்காரர் எழுந்தார். “முதலாளி, இவருக்கு மட்டும் நல்ல தூள் கொடுத்தா சாயா நல்லாத்தான் இருக்கும். எங்களுக்கும் அத கொடுங்க.”

“எல்லாருக்கும் ஒரே தூள்தான். நீங்க எடுக்கறதில்ல, அவர் எடுக்கறார். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார் நூர் முகம்மது.

ஆலுவாக்காரர் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்தார்கள்.

நூர் முகம்மது பரிசாக வைத்திருந்த சுவர்க்கடிகாரத்தை இசக்கிமுத்துவிடம் நீட்டினார். “இவர நம்பி இன்னும் ஒரு வருஷம் நடத்தறேன். போர்டு இறங்காது. நீங்க எல்லாரும் களமசேரிக்குப் போய் இவர்கிட்ட ஒரு வாரம் நின்னு பழகணும்.”

காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த அனந்தலக்ஷ்மி அப்போதுதான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இசக்கிமுத்து அவளை ஒருமுறை பார்த்தார். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பயப்படாம சொல்லும். நம்ம ஏஜென்சி எடுத்து எத்தனை வருஷமாச்சு?” என்று நூர் முகம்மது கேட்டார்.

இசக்கிமுத்து கடிகாரத்தை மெதுவாக மேஜைமேல் திரும்ப வைத்தார்.

“இனிமேத்தான் எடுக்கணும், முதலாளி.”