தோல்ஷாப் ஆள்

"சம்பளத்துக்குப் பந்து போடறவனுக்குப் பேரு இன்னாத்துக்கு..."

"ஆறு பேரை அவுட்டாக்குனது சம்பளமா, நானா?"

ஆம்பூர் மைதானத்துப் புங்கமர நிழலில் குமாஸ்தா ரங்கையா மூடப்பார்க்கும் ஸ்கோர் நோட்டை, சவரிநாதன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறான். கிளப் ஆட்டக்காரர்களெல்லாம் அதில் முழுப் பெயரோடு இருக்கிறார்கள். அவன் மட்டும் ‘தோல்ஷாப் ஆள்’. தோல் பதனிடும் ஆவாரம்பட்டைச் சாறு ஏறிய அவன் கை வியர்த்து, தாளில் பழுப்பாய் ரேகை பதிகிறது. வெயிலில் எதிரணியின் கடைசி ஆட்டக்காரர் மட்டையைத் தரையில் தட்டித் தட்டிக் காத்திருக்கிறார். கேப்டன் துரை கைதட்டிக் கூப்பிடுகிறார். சவரிநாதன் மறுகையால் பந்தைத் தொடையில் தேய்க்கிறான், நகரவில்லை.

"அதான் கைநாட்டு வச்சுட்டியே, போதாதா?" சிரிக்கிறார் ரங்கையா.

"மிஷன் ஸ்கூல்ல படிச்சவன் சார் நான். பேரை எழுதுங்க, பந்து போடறேன். எழுத்து வரலைன்னா கேளுங்க, சொல்றேன்."