டயரு ஆறட்டும்

ஜீப் இன்னைக்கும் அந்தப் புளியமரத்தாண்டதான் நின்னுச்சு.

"மறுபடியும் இன்னாய்யா?"ன்னு பல்லைக் கடிச்சார் சக்திவேல்.

"டயரு சூடாயிடுச்சு சார்"ன்னான் டிரைவர் ராஜாக்கண்ணு. "மலை ஏத்தம். உள்ள காத்து முறுக்கிக்கினு நிக்குது. கொஞ்சம் ஆறட்டும்."

சக்திவேல் ஜவ்வாது மலைமேல இருக்கிற ஸ்கூலுக்கு இந்த வருசம் புதுசா வந்த பிசிக்ஸ் வாத்தியார். தினமும் ஒடுகத்தூர்ல இருந்து இந்த ஷேர் ஜீப்தான். இதை வுட்டா அடுத்த பஸ்ஸு மத்தியானம். இந்த டயரால தினமும் லேட்டு. இன்னொரு தடவை லேட்டா வந்தா மெமோதான்னு ஹெட்மாஸ்டர் நேத்துதான் சொல்லியிருந்தார்.

மத்தவங்க எறங்கி நிழல்ல குந்திக்கினாங்க. சந்தைக் கூடையோட வந்த பச்சையம்மா வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பிச்சிட்டாங்க. அதைப் பாக்கப் பாக்க வாத்தியாருக்கு இன்னும் எரிஞ்சுது.

"தினம் ஒரே மரத்தாண்ட வந்துதான் சூடாவுமா உன் டயரு? இந்த மரத்துமேல அதுக்கு அவ்ளோ ஆசையா?"

ராஜாக்கண்ணு துண்டால மூஞ்சத் தொடச்சிக்கினான்.

சக்திவேல் பையில இருந்து ஒரு மீட்டரை எடுத்தார். டயர்ல காத்து அளக்குறது. இதுக்குன்னே வாங்கினது. காலையில அவன் டீ குடிக்கப் போன நேரமாப் பாத்து, எல்லா டயரையும் ஒரு தடவை அளந்தும் வச்சிருந்தார். கோவப்பட்டாலும் முறையா கோவப்படுற மனுசன்.

"கீழ முப்பத்தஞ்சு. இப்ப பாரு, முப்பத்தெட்டு. சூடானா காத்து விரியப் பாக்கும், டயரு எடம் குடுக்காது, பிரஷர் ஏறும். ஏறத்தான் செய்யும். அதைத் தாங்கறதுக்குத்தான்யா டயரே பண்றான். மூணு பவுண்டுக்கு எவனாவது வண்டிய நிறுத்துவானா?"

"பின்னாடி டயரையும் பாத்துடுங்க சார்."

பாத்தார். அதுவும் முப்பத்தெட்டு.

"அந்தாண்ட?"

அதையும் பாத்தார்.

"ஸ்டெப்னிய ஒரு வாட்டி..."

"ஓடாத டயர்ல இன்னாய்யா சூடு?"ன்னு கத்திக்கினே அதையும் அளந்தார். "முப்பத்தஞ்சு. அப்படியே கெடக்குது. ஜனங்கள ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேணாம்? இன்னைக்கே ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிப் போடறேன். எட்ரா வண்டிய."

அந்த நேரம் பாத்து, சரிவுல இருந்து யூனிபாரம் போட்ட பொண்ணு ஒண்ணு மூச்சு வாங்க ஏறி வந்துச்சு. நதியா. பதினொண்ணாங் கிளாஸு. அவர்கிட்ட படிக்கிற பொண்ணுதான். தினமும் இங்க ஏறும். வாத்தியார் அதைப் பாக்காம இல்ல. கணக்குல சேக்கல.

"இன்னைக்கும் டயராண்ணே? நல்லவேளை, எனக்கு வண்டி கெடச்சிது"ன்னு சொல்லிக்கினே பின்னாடி போய் ஏறுச்சு.

பச்சையம்மா வாத்தியார் பக்கத்துல வந்து குரலை எறக்கினாங்க.

"அதும் வூடு காட்டுக்குள்ள சார். கரடி சுத்தற எடம், வெளிச்சம் வந்தப்புறந்தான் கெளம்ப முடியும். போன வருசம் வண்டியில வந்த ஒருத்தன், 'இவளுக்காவ நாங்க இன்னாத்துக்கு நிக்கணும்'னு அது காதுல வுழறாப்புல கேட்டுட்டான். ரோசக்காரப் பொண்ணு, ஸ்கூலுக்கே வராம நின்னுடுச்சு. அப்புறந்தான் டயரு சூடாவ ஆரம்பிச்சிது."

சக்திவேல் ராஜாக்கண்ணுவைப் பாத்தார். அவன் ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு ரோட்டையே பாத்துக்கினு இருந்தான்.

நதியா வண்டிக்குள்ள இருந்து தலைய நீட்டுச்சு.

"கையில இன்னா சார், காத்து அளக்குறதா? எவ்ளோ காட்டுது?"

வாத்தியார் மீட்டரைப் பையில போட்டார். மூஞ்சியில இருந்த கடுகடுப்பு மட்டும் மாறல.

"ரொம்ப ஏறிக் கெடக்குது. நாளைக்கும் இங்க நிறுத்தித்தான் ஆவணும்."