மத்தியானக்காரி

நாற்காலியில் உட்கார்ந்த மறுநிமிடமே மத்தியானக்காரி தூங்கி விழுந்தாள்.

மேக்கப் அக்கா அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். கையை எடுத்ததும் தலை மறுபடி தொங்கியது.

எட்டு வயசுப் பிள்ளை. சாப்பிட்ட மயக்கமாக இருக்கும் என்று முதல் நாள் நினைத்தாள். இன்று பதினோராவது நாள்.

காலைக்காரி, மத்தியானக்காரி என்பதெல்லாம் ஷூட்டிங்காரர்கள் வைத்த பெயர். இரட்டைப் பிள்ளைகள். குழந்தையை ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் காமிரா முன்னால் நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை உடைக்காமல் வளைக்கத் தெரியாதவன் படம் எடுக்க வரலாமா? ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பேரைத் தேடிப் பிடித்தார்கள். காலையில் பெரியவள், மத்தியானம் சின்னவள். திரையில் ஒரே சிறுமி.

மேகத்துக்குள் இருக்கிற ஊருக்கு ஏணி வைத்து ஏறிப்போகும் சிறுமியின் கதை அது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எல்லாம் அந்தப் புத்தகம் இருந்தது. முதல் படத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து குவிந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து இப்போது இரண்டாம் பாகம்.

இதில் அந்தச் சிறுமிக்குக் காதோரம் இறகு முளைக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது இறகு. ஒவ்வொன்றாகப் பசை போட்டு ஒட்ட வேண்டும்.

முதல் படத்தில் இந்த அறை ரகளையாக இருக்கும். இரண்டும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும். பவுடர் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, நானில்லை அவள்தான் என்று ஒன்றையொன்று கைகாட்டும். மேக்கப் அக்காவுக்கு எதை அடிப்பது என்று தெரியாமல் சிரிப்பு வந்துவிடும்.

இந்தத் தடவை இரண்டு பேரையும் சேர்த்து ஒரு நாளும் பார்க்கவில்லை. காலையில் கேட்டால், சின்னவள் இன்னும் வரவில்லை என்பாள் அம்மா. மத்தியானம் கேட்டால், பெரியவள் வேனில் தூங்குகிறாள் என்பாள். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது யார் போய் வேனை எட்டிப் பார்த்தார்கள்?

மேக்கப் அக்கா பிள்ளையின் முடியை ஒதுக்கிப் பிடித்து, காதுக்குப் பின்னால் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு எதிலோ ஒட்டி இழுத்தது.

பசை. கடுகளவு இருக்கும், இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை.

நேற்று சாயங்காலம் சின்னவளின் இறகுகளை எடுத்து, எண்ணெய் போட்டுச் சுத்தமாகத் துடைத்து அனுப்பியது அவள்தான். காலைக்காரியை மட்டும், இறகை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மா வேனுக்குக் கூட்டிப்போய்விடுவாள். இன்னும் ஒரு இறகுகூட ஒட்டாத காதில் ஈரப்பசை எப்படி வந்தது? இன்று பசை பட்டது பெரியவளின் காதில் மட்டும்தானே?

குனிந்து பார்த்தாள். தோல் செக்கச்செவேல் என்று கன்றிப் போயிருந்தது. கழுத்தைத் தொட்டால் அனலாகக் கொதித்தது.

தங்கச்சி எங்கே என்று கேட்டாள்.

பிள்ளை கண்ணைத் திறந்து கண்ணாடியில் அவளைப் பார்த்தது. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. போன வருஷம் என்றது. காய்ச்சல் என்றது. மூன்றே நாள் என்றது.

மேக்கப் அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த உடம்போடு எட்டு மணி நேரமா? செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பிழைக்கிற ஒருத்தியும் உண்டா? அந்த அம்மா பிள்ளையை மடியில் வைத்து மத்தியானச் சாப்பாட்டைக் கொஞ்சிக் கொஞ்சி ஊட்டுவதைப் பார்த்து, அம்மா என்றால் இவளல்லவா அம்மா என்று மேக்கப் அக்காவே நாலு பேரிடம் வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாள். எல்லாம் வேஷம்.

குழந்தைகள் நல அதிகாரி எதிர் அறையில்தான் உட்கார்ந்திருந்தார். போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். படம் நின்றால் நிற்கட்டும். பிள்ளை வீட்டுக்குப் போய்ப் படுக்கும்.

பஞ்சைக் கடாசிவிட்டுத் திரும்பினாள். கொதிக்கிற ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"சொல்லிடாதீங்கக்கா. மத்தியானம் மட்டும்தான் அம்மா என்கிட்ட பேசறாங்க."

மேக்கப் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

அது ஒன்றும் பலமான பிடி இல்லை. லேசாக உதறினால் விட்டுவிடும். எதிர் அறைக்குப் பத்தடிகூட இருக்காது.

கதவைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மறைத்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் பசைக்குப்பியைத் திறந்தாள்.

கன்றிய இடத்தை விட்டு, ஒரு விரல் கீழே தள்ளி முதல் இறகை ஒட்டினாள். காலையில் ஒரு இடம், மத்தியானம் ஒரு இடமா என்று காமிராக்காரர் கத்துவார். கத்தட்டும்.

பதினெட்டையும் ஒட்டி முடித்தாள்.

கதவைத் திறந்துகொண்டு அம்மா உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளைக் கண்டதுதான் தாமதம், நிற்க முடியாமல் இருந்த பிள்ளை நாற்காலியிலிருந்து துள்ளி இறங்கியது.

"எங்க சின்னு ரெடியா?"

அம்மா பிள்ளையைக் கேட்கவில்லை. மேக்கப் அக்காவைப் பார்த்துக் கேட்டாள். பிள்ளையும் அவளைத்தான் பார்த்தது.

"ரெடிம்மா," என்றாள் மேக்கப் அக்கா. "உங்க சின்னு ரெடி."